வாடகையா, நகரத்துக் காணியா, சாம்பல்தீவா, அம்மா வீட்டு மேல்மாடியா?

போன ஞாயிறு பின்னேரம் தம்பியும் மச்சாளும் ஒரு சீ.ஆர். கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொப்பியின் நடுத்தாளில் அடிமட்டம் வைத்து நாலு பத்தி கீறியிருந்தார்கள். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஒரு வழி, அதற்குக் கீழே தொகைகள். சில தொகைகளை இரண்டு மூன்று தரம் வெட்டித் திருத்தியிருந்தார்கள். வாடகை வீட்டுக்காரர் தை மாதம் முதல் 32,000 ரூபாவை 38,000 ஆக்கப் போகிறாராம். மகனுக்கு நாலு வயது. "அக்கா, எதெண்டு நீங்கள் சொல்லுங்கோ. யோசிச்சு யோசிச்சு எங்களுக்கு மண்டை காய்ஞ்சு போச்சு" என்றாள் மச்சாள்.

இருவரின் சம்பளமும் கழிவுகள் போகக் கைக்கு வருவது 1,60,000 ரூபா. எட்டு வருடச் சேமிப்பு, சீட்டுக் காசு, மச்சாள் விற்கச் சம்மதித்த கொஞ்ச நகை எல்லாம் சேர்த்து 25 லட்சம். இது எங்கள் திருகோணமலையில் குறைந்த வருமானம் இல்லை. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின அளவீட்டில் இலங்கையின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 76,414 ரூபா. குடும்பங்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 53,333 ரூபாதான். அதன்பின் விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அப்படிப் பார்த்தாலும் இவர்கள் நடுவுக்கு மேலே நிற்பவர்கள். அவர்களே ஒரு வீட்டுக்காக இப்படித் தவிக்கும்போது நடுவுக்குக் கீழே இருக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் தம்பிக்குச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

இதில் வரும் காணி விலையும் கட்டுமானச் செலவும் எங்களுக்குத் தரகரும் மேசன்மாரும் சொன்னவை. உங்கள் தெருவில் வேறாக இருக்கும். தொகையை மாற்றிப் போடுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான். கடனுக்கு 12 வீத வட்டி, 15 வருடம் என்று எடுத்திருக்கிறேன். அப்படி எடுத்தால் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் மாதத் தவணை 12,000 ரூபா. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும், தரகர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனக்கணக்காய்ச் சொல்லிவிடலாம்.

நகரத்துக்குள் வாங்குவது

கொப்பியில் முதல் பத்தி உவர்மலையில் ஒரு பழைய வீடு. எட்டுப் பேர்ச் காணி, ஓட்டுக் கூரை, குசினிச் சுவரில் வெடிப்பு. கேட்கிற விலை 1 கோடி 60 லட்சம்.

ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கு முன் நகரத்தின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். திருகோணமலைப் பட்டினம் இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு கழுத்துப் போல நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மற்றப் பக்கம் திறந்த கடல். கோட்டையில் இராணுவம், டொக்யார்ட்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி துறைமுக அதிகார சபையின் கையில். குடியிருக்கக் கிடைக்கிற காணி கொஞ்சம். அது இனிக் கூடப் போவதுமில்லை.

அந்தக் கொஞ்சக் காணிக்கு யார் விலை பேசுகிறார்கள் என்பதுதான் விசயம். 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு 200 ரூபா. சில மாதங்களில் அது 360ஐத் தாண்டியது. லண்டனிலோ டொரொண்டோவிலோ வேலை செய்கிற ஒரு பிள்ளை அனுப்பிய அதே ஆயிரம் அமெரிக்க டொலர் பெறுமதியான காசு அதற்கு முன் 2 லட்சமாக வந்தது, பின் 3 லட்சத்து 60 ஆயிரமாக வந்தது. இங்கே சம்பளம் எடுக்கிறவரின் 50,000 ரூபா 50,000 ரூபாவாகவே நின்றது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டிப் போனது. ஆகவே நின்றதும் நிற்கவில்லை, அதன் பெறுமதி பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. நகரத்துக் காணிக்கு விலை சொல்லுகிறவர் மனதில் டொலரும் பவுணும் இருக்கிறது. வாங்கப் போகிற தம்பியின் கையில் ரூபா இருக்கிறது. உழைப்பில் தம்பி அவர்களுக்குக் குறைந்தவன் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளும் பனியில் நின்று இரண்டு வேலை பார்த்து அனுப்புகிற காசுதான் அது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு காசும் ஒரே ஏலத்தில் நிற்கும்போது எது வெல்லும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். கையில் 25 லட்சம் போக மிச்சம் 1 கோடி 35 லட்சம் கடன். தவணை மாதம் 1,62,000. இரண்டு சம்பளத்தையும் அப்படியே கொடுத்தாலும் 2,000 ரூபா துண்டு விழுகிறது. இதைவிட உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அது மட்டும் 6,39,000 ரூபா. சட்டத்தரணிக் கூலி வேறு. அந்தப் பத்தியின் குறுக்கே நானே ஒரு கோடு கீறிவிட்டேன். தம்பியின் முகம் வாடியது. சின்ன வயதில் உவர்மலைப் பாதையில் சைக்கிள் ஓடித் திரிந்தவன், அங்கே ஒரு வீடு என்பது அவனுக்கு ஆசை. ஆசையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வாடகையில் இருப்பது

"வாடகை கொடுப்பது தண்ணியில போடுற காசு" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். முழுதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் ஒன்பது வருடம் வாடகையில் இருந்தோம், நாலு வீடு மாறினோம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடை தூரத்தில் இருந்தன. கூரை ஒழுகினால் வீட்டுக்காரரின் பாடு. வாடகைக்கும் கடன் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் தவறாமல் ஒதுக்குகிற குடும்பத்துக்கு வாடகை மோசமான வழி இல்லை.

ஆனால் அந்த ஒதுக்கல் எங்களால் முடியவில்லை, தெரிந்தவர்களில் முடிந்தவர்களும் குறைவு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பார்கள். வருடம் முடிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஐயாயிரம் ஏறும். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வீடுகளை அலுவலகமாக எடுத்தபோது எப்படி ஏறியதோ, உல்லாசப் பயணிகள் கூடக் கூட உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் மாத வாடகைக்கு விட்ட வீடுகள் நாள் வாடகைக்குப் போவதும் அப்படித்தான். நாங்கள் நாலாவது வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளும் பென்சிலால் குறித்து வைத்த கதவு நிலையை என் கணவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. ஏழு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி.

தம்பி மாதம் 38,000 கொடுத்தால் வருடத்துக்கு 4,56,000. அது ஏறாமல் நின்றால்கூட ஐந்து வருடத்தில் 22 லட்சத்து 80 ஆயிரம், அவனுடைய எட்டு வருடச் சேமிப்புக்குக் கிட்ட. அந்தக் காசு வீடில்லாதவரின் கையிலிருந்து வீடுள்ளவரின் கைக்கு மாதாமாதம் போகிறது. முன்பு சொன்ன அதே 2019 அளவீட்டில் மேலே உள்ள 20 வீதக் குடும்பங்கள் நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் 51.3 வீதத்தை எடுத்தன, அடியில் உள்ள 20 வீதத்துக்குக் கிடைத்தது 4.6 வீதம். அது வருமானக் கணக்கு மட்டும்தான். காணியும் வீடும் யார் பெயரில் என்று கணக்கெடுத்தால் இடைவெளி இன்னும் அகலும்.

நகரத்துக்கு வெளியே காணி வாங்கிக் கட்டுவது

நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பக்கம் 12 பேர்ச் காணி ஒன்றைத் தம்பி பார்த்து வைத்திருந்தான். பேர்ச் 2 லட்சம், ஆக 24 லட்சம். தீர்வை 95,000. வாங்கின கையோடு சேமிப்பு துடைத்துக்கொண்டு போய்விடும். பிறகு 500 சதுர அடி கட்ட, சதுர அடிக்கு 9,000 என்று வைத்தால், 45 லட்சம். முழுதும் கடன். தவணை 54,000. வீடு எழும்பும்வரை வாடகையும் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 92,000. சம்பளத்தில் பாதிக்கு மேல்.

இப்படிப் பார்த்தால் முடியாது போலத் தெரியும். ஆனால் ஒரேயடியாக 500 சதுர அடி கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு அறை, ஒரு குசினி, மலசலகூடம். 300 சதுர அடி. 27 லட்சம். தவணை 32,400, ஏறக்குறைய இப்போது கொடுக்கிற வாடகை. மீதியை நாலு வருடம் கழித்து இழுக்கலாம் என்று அத்திவாரத்தையும் சுவரையும் அதற்குத் தக்கபடி போட வேண்டும். எங்கள் பெற்றோர் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். முதலில் ஒரு அறை, பிறகு விறாந்தை, மூத்த பிள்ளையின் கலியாணத்துக்கு முன் மதில். இப்போது குடிபுகுதலுக்கு முன்னேயே ரைல்ஸ் பதித்து, சீலிங் அடித்து, கேற்றும் போட்டு முடிக்க வேண்டும் என்கிற எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. 2021இல் ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்ற சீமெந்துப் பை அடுத்த வருடமே 3,000 ரூபாவைத் தாண்டியது. அந்த வருடம் கூரை மட்டத்தில் நின்றுபோன பெரிய வீடுகள் இன்றைக்கும் கன்னியா வீதியில் பாசி பிடித்து நிற்கின்றன. சிறிதாகத் தொடங்கினவர்கள் உள்ளே குடியிருக்கிறார்கள்.

இந்த வழியில் விலையை விட எனக்குப் பயம் தருவது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். எங்கள் மாவட்டத்தில் காணி வாங்குகிறவர் மண்ணைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்க வேண்டும். 1983, 1990 என்று ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வளவை விட்டு ஓடினார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் இந்தியாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார்கள், சிலர் இல்லை. வெறும் வளவில் வேறு யாரோ குடியேறினார்கள். பத்து வருடம் தடையில்லாமல் ஒரு தனியார் காணியை ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது எங்கள் பழைய சட்டம். ஆனால் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தங்கள் காணி உரிமையை நீதிமன்றத்தில் கேட்க முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. நியாயமான சட்டம். அதே நேரம், "நாங்கள் இருபது வருசமா இருக்கிறம், இது எங்கட காணிதான்" என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு உறுதித் தொடரைத் தேடுவிக்க வேண்டும். இடையில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய எல்லாப் பிள்ளைகளும் கையொப்பம் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். "பிரிக்கப்படாத மூன்றிலொரு பங்கு" என்று உறுதியில் இருந்தால், எவ்வளவு மலிவாய் இருந்தாலும், வங்கி அதை ஈடாக எடுக்கத் தயங்கும். பங்குப் பிரிப்பு வழக்கு ஒரு தலைமுறையைத் தின்றுவிடும். நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் வரைபடத்தில் உள்ள எல்லைக்கல் மண்ணிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பியோடு நான் போய்ப் பார்த்தபோது மூன்று கல் இருந்தன, நாலாவதைக் காணவில்லை. பக்கத்து வேலி முக்கால் முழம் உள்ளே வந்திருந்தது. முக்கால் முழம்தானே என்று தரகர் சொன்னார். காசு கொடுக்கப் போகிறவருக்கு அது முக்கால் முழம் இல்லை, வரப் போகிற சண்டை.

கடற்கரையை ஒட்டியதென்றால் இன்னொன்றும் உண்டு. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம், 1981ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே கட்ட வேறு அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பள்ளமான காணியா என்று அறிய, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அயல் வீட்டாரைக் கேளுங்கள். சுவரில் கோடு இன்னும் இருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு வழியையும் சொல்லித் தள்ளிவிடுகிறேன், ஏனென்றால் தரகர் அதையும் காட்டினார். பாதி விலையில் ஒரு அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடியேறினவருக்குக் கொடுத்த காணி அது. அதை அவர் நினைத்தபடி விற்க முடியாது. உரிய அதிகாரியின் சம்மதம் இல்லாமல் எழுதுகிற உறுதிக்கு மதிப்பு இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, கிராம சேவகரைச் சாட்சி வைத்தால் காணும் என்பார்கள். காணாது. அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் பத்து வருட ஆட்சியுரிமையும் செல்லாது. உழைத்துச் சேர்த்த 25 லட்சத்தில் ஒரு சதமும் அதில் போடக் கூடாது என்று தம்பியிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அம்மா வீட்டுக்கு மேலே

நாலாவது பத்தி பாலையூற்றில் அம்மாவின் வீடு. 2011இல் அப்பா கூரைத் தட்டைக் கொங்கிறீட்டாகப் போட்டார், பின்னொரு நாள் மேலே கட்டலாம் என்று. மூலைத் தூண்களிலிருந்து கம்பிகளை மூன்றடி நீட்டி விட்டிருந்தார். அப்பா போய் எட்டு வருடம். கம்பிகள் அப்படியே நிற்கின்றன. அம்மா அவற்றில் கொடி கட்டி மிளகாய் காயப்போட்ட ஓலைப்பெட்டியைத் தொங்கவிடுவா. மழைக்குக் கறள் வழிந்து தூணில் செம்மண் நிறக் கோடு இறங்கியிருக்கிறது.

காணிக் காசு இல்லை. தீர்வை குறைவு. கிணறும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வாசல்வரை இருக்கின்றன. 500 சதுர அடிக்கு அதே 45 லட்சம் என்று வைத்தாலும், கையில் 3 லட்சத்தை ஆபத்து அந்தரத்துக்கு ஒதுக்கிவிட்டு 22 லட்சத்தைப் போட்டால் 23 லட்சம் கடன். தவணை 27,600. மேலே தட்டுப் போடாமல் சீற் கூரை போட்டால் இன்னும் குறையும். ஒரு பொறியியலாளரைக் கூட்டிப் போய்க் காட்டினோம். அவர் ஒரு கம்பியின் அடியில் கம்பித் தூரிகையால் சுரண்டினார். மேற்கறள் உதிர்ந்தது, உள்ளே இரும்பு உறுதியாய் இருந்தது. இரண்டு தூணில் மட்டும் கொங்கிறீட்டைக் கொத்தி உள்ளே பார்க்க வேண்டும் என்றார். அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். அப்பாவின் பழைய கணக்குக் கொப்பியில் கல்லும் சீமெந்தும் எத்தனை இறக்கியது என்று எழுதி வைத்திருந்தது அன்றைக்கு உதவியது.

காசுக் கணக்கில் இதுதான் வெல்கிறது. சட்டக் கணக்கில்தான் ஆபத்து.

நிலம் யாருடையதோ, அதன் மேல் நிற்கிற கட்டடமும் அவருடையது. இது எங்கள் சட்டத்தின் அடிப்படை. தம்பி 45 லட்சத்தை அந்தத் தட்டின் மேல் கொட்டினால் சட்டப்படி அது அம்மாவின் வீட்டைப் பெரிதாக்கிய காசு. அம்மா எதுவும் எழுதாமல் போனால் வீடு பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு, தம்பி கட்டிய மேல்மாடி உட்பட. அப்போது யாரும் கெட்டவர் இல்லாமலே கெட்டது நடக்கும். ஒரே பந்தலில் வளர்ந்தவர்கள் ஒரே படிக்கட்டுக்காக நீதிமன்றத்துக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் கட்டின மாடிக்குத் தங்கை கேட்ட பங்கு. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, தாள் மட்டும் இல்லை.

நான் இதை எழுதும்போது எனக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்கு என்பது வழக்கம். எனக்குத் தரவேண்டியதை அம்மா 2012இல் என் கலியாணத்தோடு நகையாகவும் காசாகவும் தந்துவிட்டா. வீடு தங்கச்சிக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவள் மட்டக்களப்பில் வேலை செய்கிறாள், இன்னும் கலியாணம் ஆகவில்லை. தம்பி மேலே கட்டினால் அவளுடைய சீதன வீட்டில் அவன் கை வைத்ததாகிவிடுமா? இதை முதலில் அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். மச்சாள் உடனே தலையாட்டினாள், அது எனக்குப் பிடித்தது.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டப்படி கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் தனித்தனி ஆதனமாகப் பிரித்து வரைபடம் போடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி உறுதி. படிக்கட்டு, கிணறு, வாசல் மூன்றும் பொது. கீழ்த்தளத்தை அம்மா தங்கச்சிக்கும் மேல்தளத்தைத் தம்பிக்கும் நன்கொடை உறுதியாக எழுதலாம், தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே. அதாவது அம்மா இருக்கும்வரை அந்த வீட்டிலிருந்து அவவை யாராலும் எழுப்ப முடியாது. நன்கொடைக்குத் தீர்வையும் குறைவு: முதல் 50,000க்கு 3 வீதம், மிகுதிக்கு 2 வீதம். நில அளவையாளர், சபை அனுமதி, சட்டத்தரணி என்று செலவும் அலைச்சலும் உண்டு, சில மாதம் இழுபடும். இழுபடட்டும். தாள் ஒழுங்காகும்வரை ஒரு சீமெந்துப் பையும் இறக்கக் கூடாது. வங்கியும் தம்பியின் பெயரில் உறுதி இருந்தால்தான் அவனுக்கு வீட்டுக் கடன் தரும்.

24 வீதத்துக்குத் தாங்குமா?

நான் எந்த வழியையும் கடைசியாய் ஒரு கேள்வி கேட்டுத்தான் முடிவு செய்வேன். அதற்குக் காரணம் எங்கள் சொந்தக் கதை.

2021 தொடக்கத்தில் நாங்கள் இந்த வீட்டுக்கு 30 லட்சம் கடன் எடுத்தோம். 9.5 வீதம், 15 வருடம், தவணை 31,300. மாறும் வட்டி என்று தாளில் சின்ன எழுத்தில் இருந்தது. கையொப்பம் வாங்கின வங்கிப் பெண் அதை வாயால் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்போது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனின் வட்டி 5.5 வீதம். படிப்படியாக 7.5 வரை போன அதை 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றி 14.5 ஆக்கினார்கள். 2023 மார்ச்சில் 16.5. எங்கள் தவணை 57,000ஐத் தொட்டது. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அதே மாதங்கள். என் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போனது அப்போதுதான். அதே காலத்தில் அரசு குறுகிய காலக் கடன் வாங்குகிற திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கையில் காசு வைத்திருந்தவர் இருந்த இடத்தில் இருந்தபடி அதைப் பெருக்கினார், கடன் வைத்திருந்தவர் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார். ஒரே நாடு, ஒரே வட்டி. உள்ளவருக்கு ஒரு முகம், இல்லாதவருக்கு இன்னொரு முகம்.

பிறகு வட்டி இறங்கியது, எங்கள் தவணையும் இறங்கியது. கொடியையும் மீட்டோம். ஆனால் அதற்குப் பிறகு யார் கடன் எடுக்கப் போவதாகச் சொன்னாலும் 24 வீதத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 10 லட்சத்துக்கு 20,600 ரூபா தவணை. அம்மா வீட்டு மேல்மாடியின் 23 லட்சம் அப்போது 47,000 கேட்கும். 1,60,000க்குள் அது முடியும், கடினம்தான். சாம்பல்தீவில் 300 சதுர அடியின் 27 லட்சம் 55,600 கேட்கும். மூச்சு முட்டும், ஆனால் சாகாது. 500 சதுர அடியின் 45 லட்சம் 92,000க்கு மேல் கேட்கும். அது வீட்டை வங்கியிடம் கொடுக்கிற வழி. எத்தனை வருடத்துக்கு வட்டி நிலையானது, அதற்குப் பிறகு எதை வைத்து மாற்றுவீர்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது மேல்மாடி. தாள் முதலில், தங்கச்சியின் சம்மதம் அதற்கும் முதல்.

ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தம்பிக்கு இந்த வழி கிடைத்தது அவன் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. 2011இல் அப்பா மூன்றடிக் கம்பியை நீட்டி விட்டிருந்தார், அதனால். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி இருக்கிறாள், தம்பியின் வயது, தம்பியின் சம்பளம். 1990இல் அவளுடைய அம்மா மூதூர்ப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வெளிக்கிட்டவர், திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அவளுக்கு ஏறிக் கட்ட ஒரு தட்டு இல்லை. ஒரே சம்பளத்தில் இரண்டு பேர், ஒருவர் 27,600 கட்டிச் சொந்த வீட்டில் இருப்பார், மற்றவர் 38,000 கட்டி வாடகையில் இருப்பார். செல்வம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போவது போலவே இல்லாமையும் போகிறது.

அவளுக்கு நான் சொல்வது சாம்பல்தீவு வழிதான். அல்லது கன்னியாப் பக்கம், எங்கே உறுதி சுத்தமோ அங்கே. நகர அபிவிருத்தி விதிப்படி பொதுவாக ஒரு துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது, அந்த ஆறு பேர்ச் போதும். 300 சதுர அடிக்கு மேல் முதல் கட்டத்தில் ஆசைப்பட வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடப் பங்களிப்பு முடிந்திருந்தால் அதில் 30 வீதம்வரை வீட்டுக்கு எடுக்கலாம், வட்டியில்லாத சொந்தக் காசு அது. தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்டக் காரியாலயத்தில் சிறு கடன் திட்டம் எது திறந்திருக்கிறது என்று வருடத்தில் இரண்டு தரம் போய்க் கேட்கவேண்டும், ஒரு முறை இல்லை என்றார்கள் என்று விடக் கூடாது. காணியை வாங்கி இரண்டு வருடம் வெறுமனே விட்டாலும் பரவாயில்லை. வேலி போடுங்கள், எல்லைக்கல்லைப் பாருங்கள், நாலு தென்னம்பிள்ளை வையுங்கள். அவளும் நானும் அடுத்த சனிக்கிழமை ஒரு காணி பார்க்கப் போகிறோம்.

தங்கச்சியோடு வியாழக்கிழமை தொலைபேசியில் பேசினோம், எல்லாரும் சுற்றி இருந்து, சத்தமாக. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கீழ்த்தளத்துக்கு உறுதி தன் பெயரில் எழுதின அன்றே மேலே கல் வைக்கலாம் என்றாள். தம்பி கொப்பியில் அதை அப்படியே எழுதினான். அம்மா குசினியிலிருந்து வந்து கேட்டது ஒன்றுதான், படிக்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று. கிணற்றடிப் பக்கம் என்றான் தம்பி. அங்கே வேண்டாம், முருங்கையை வெட்ட வேண்டி வரும், தெருப்பக்கம் வை என்றா. நில அளவையாளர் புதன்கிழமை வருகிறார்.